பிறந்த ஊர் என்ற கட்டம்

சிஸ்டர், இருட்டின பிறகுதான் அந்தச் சத்தம் கேட்கும். பகலிலும் வந்திருக்கும். ஆனால் பகலில் ஃபிரிட்ஜ் உறுமுகிறது, துருவன் ஓடுகிறான், மேல் வீட்டுக்காரர் பூட்ஸ் காலோடு நடக்கிறார், கேட்காது. துருவனைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவி, நான் குழாயை மூடின அடுத்த நிமிஷம் ஒரு ‘கிய்ச்’. ஒரே ஒரு தடவை. குருவிக்குஞ்சின் கழுத்தை யாரோ பிடித்த மாதிரி. பிறகு ஒன்றுமில்லை. சரி, பிரமை என்று அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தால் மறுபடி ‘கிய்ச்’. எண்ணிப் பார்த்தேன். நாற்பது எண்ணினால் ஒரு தடவை. நாற்பதுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

மூன்று ராத்திரி இப்படி. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “எனக்கு ஒண்ணும் கேக்கலியே” என்றார். “நீயே தேடிப் பாரு.”

நான் யார் என்று சொல்லாமலே எழுதிக்கொண்டு போகிறேன். நான் தமயந்தி. நாகர்கோவிலில் உங்கள் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவள். இரட்டைப் பின்னல், இடது கைப் பழக்கம், சாப்பலில் பாட்டுக்கு வாய் மட்டும் அசைப்பவள். அப்பா ஆறுமுகம், குவைத்தில் வேலை பார்த்துவிட்டுச் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். ஞாபகம் வருகிறதா? நீங்கள் இப்போது மதுரைப் பக்கம் வயதான சிஸ்டர்மார்கள் இருக்கும் வீட்டில் இருப்பதாகப் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி சொன்னாள். விலாசமும் அவள் கொடுத்ததுதான். தமிழில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தமிழில் பேசினால் கழுத்தில் பலகை மாட்டி நிறுத்துவீர்கள். ஆனால் இங்கே வந்து எட்டு வருஷமாக நான் கையெழுத்துப் போட்ட படிவம் எல்லாம் இங்கிலீஷில்தான். அந்தப் பாஷையில் பேனாவை எடுத்தால் கை தானாகப் பழைய பதிலையே எழுதுகிறது. அதனால் தமிழில்.

நாங்கள் அமெரிக்காவில், ஒஹையோ என்ற மாநிலத்தில் இருக்கிறோம். இரண்டாம் மாடி, வாடகை வீடு. என் வீட்டுக்காரர் பெயர் சங்கரலிங்கம், சங்கரன்கோவில்காரர், கம்ப்யூட்டர் வேலை. பையன் துருவனுக்கு ஐந்து வயது, இங்கேயே பிறந்தவன். அவன் பாஸ்போர்ட் அமெரிக்க பாஸ்போர்ட். எங்கள் இரண்டு பேருடையதும் இந்தியா. ஏர்போர்ட்டில் அவன் ஒரு வரிசை, நாங்கள் ஒரு வரிசை என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். இப்போது சொல்வதில்லை.

வரிசை என்றேனே. அதைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

இங்கேயே நிரந்தரமாக இருக்க ஒரு கார்டு கொடுப்பார்கள். கம்பெனி விண்ணப்பம் போட்டு, இவர் தகுதியானவர்தான் என்று சர்க்காரும் ஒப்புக்கொண்டு, எல்லாம் முடிந்தாயிற்று. பாக்கி, நம்முடைய முறை வர வேண்டியதுதான். அந்த முறைக்கு அவருடைய படிப்பு கணக்கில்லை, எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்பது கணக்கில்லை. எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதுதான் கணக்கு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஒரு வரிசை. அவர் அதில் போய் நின்ற தேதி 2014 நவம்பர். மாதம் ஒரு தடவை, இந்தத் தேதி வரைக்கும் வந்தாயிற்று என்று அறிவிப்பு வரும். அது இன்னும் 2012-லேயே நிற்கிறது. சில மாதம் பதினைந்து நாள் நகரும். பல மாதம் நகராது. ஒரு தடவை பின்னால் போனது. வரிசை பின்னால் போகுமா சிஸ்டர்? ரேஷன் கடையில்கூடப் போகாது. இங்கே போகும்.

அறிவிப்பு வருகிற வாரம் அவர் போனைப் பார்த்தபடியே பல் தேய்ப்பார். வந்தால் என்னிடம் சொல்வார், “நகரல.” நான், “சரி” என்பேன். காபி போடட்டுமா என்பேன். எட்டு வருஷத்தில் இதற்கெல்லாம் அழுகை வருவது நின்றுவிட்டது. வருத்தம்கூட இல்லை. மரத்துப்போன காலில் கிள்ளினால் கிள்ளினது தெரியும், வலி தெரியாதே, அந்த மாதிரி.

எங்கள் வீட்டில் எல்லாம் ‘கார்டு வந்ததும்’தான். கார்டு வந்ததும் கட்டில், இப்போது தரையில் மெத்தை. கார்டு வந்ததும் இரண்டாவது குழந்தை. கார்டு வந்ததும் நான் பி.எட். படித்ததற்கு ஏதாவது வேலை. தாழ்ப்பாள்கூட. இந்த வீட்டுக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது, ஒரு சங்கிலியும் இருக்கிறது. தினம் நான்தான் போடுவேன். அவர் எட்டு வருஷத்தில் ஒரு நாள் போட்டதில்லை. “வாடகை வீட்டுக்கு எதுக்கு தாழ்ப்பாளு? கார்டு வந்ததும் நம்ம வீடா வாங்கி நல்ல பூட்டா போடுவோம்” என்பார். கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். நான் எழுந்து போய்ப் போடுவேன். போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அது கிடக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தோம். தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு. அதில் ஹேமலதா என்று ஒருத்தி, அவள் புருஷன் எங்களவருக்கு நாலு வருஷம் பின்னால் வந்தவர். அவர்களுக்குக் கார்டு வந்துவிட்டது. எப்படி என்று எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள். ஹேமலதா மஸ்கட்டில் பிறந்தவளாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் போதுமாம், குடும்பம் மொத்தமும் அந்த நாட்டு வரிசையில் போய் நின்றுகொள்ளலாமாம். அந்த வரிசையில் ஆளே இல்லையாம்.

“அடுத்த ஜென்மத்துல ஜாதகம் பாக்கும்போது பத்துப் பொருத்தம் வேண்டாம்ப்பா, பொண்ணு மஸ்கட்டான்னு மட்டும் கேளுங்க” என்றார் ஒருத்தர்.

“உனக்கு அடுத்த ஜென்மம் எதுக்கு? அதுக்குள்ள உன் தேதியே வந்துரும்” என்றார் இன்னொருத்தர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் துருவனுக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர், நான் குவைத்தில் பிறந்தவள். உங்களுக்குத் தெரியும். என் அம்மாவையும் உங்களையும் விட்டால் அது தெரிந்தவர்கள் உயிரோடு யாருமில்லை. மாமியாரிடம் ஜாதகம் இருக்கிறது, அதில் இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு அதனால் என்ன என்று தெரியாது.

1990 மார்ச்சில் பிறந்தேன். ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே வந்து சண்டை. எனக்கு ஐந்து மாதம். அப்பாவும் அம்மாவும் என்னைப் பால் பவுடர் டப்பாவோடு தூக்கிக்கொண்டு, பஸ்ஸிலும் லாரியிலும் பாலைவனத்தைத் தாண்டி, ஜோர்டானில் கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் ஏறி வந்தார்கள். என் பிறப்புச் சான்றிதழ் இருந்த பை எந்த லாரியில் போனதோ. நாலு வயதில் உங்களிடம் சேர்க்க வந்தபோது அப்பாவிடம் காட்ட ஒரு காகிதமில்லை. நீங்கள் அட்மிஷன் ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, “பிறந்த இடத்துக்கு என்ன எழுத மிஸ்டர் ஆறுமுகம்?” என்று கேட்டீர்களாம். அப்பா கையைப் பிசைந்தாராம். நீங்கள்தான் சொன்னீர்களாம், “குழந்தைக்கு ஒரு இடம் வேணும், அவ்வளவுதானே. இங்கேயே வீட்டில் பிறந்ததாக வாங்கிட்டு வாங்க. மாதா ஒன்றும் நினைக்க மாட்டாள்.” அப்பா தெரிந்தவர் மூலமாக வாங்கி வந்தார். அதை வைத்து ரெஜிஸ்டர், ரெஜிஸ்டரை வைத்து டி.சி., டி.சி.யை வைத்து பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டை வைத்து விசா. எல்லாவற்றிலும் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் நாகர்கோவில். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் அன்று அந்தச் சொல் சொல்லாவிட்டால் நான் படித்திருக்கவே மாட்டேன்.

ஒரே ஒரு காகிதம் தப்பியது. அம்மாவின் பழைய பாஸ்போர்ட். அந்தக் காலத்தில் குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் கிடையாது, அம்மாவுடையதிலேயே எழுதித் தருவார்கள். அதில் ஒரு பக்கத்தில், மையில், கையெழுத்தில் என் பெயர், தேதி, குவைத். மேலே ஒரு முத்திரை. கல்யாணமாகிப் புறப்படும்போது அம்மா அதை என் கையில் திணித்தாள். “ஒன் பேரு மொதமொதல்ல எழுதினது இதுலதான். ஒங்கிட்டயே இருக்கட்டு.” நானும் ஞாபகத்துக்காகத்தான் கொண்டுவந்தேன்.

விருந்து முடிந்து காரில் வரும்போது அவர் கேட்டார், “ஒங்கப்பா குவைத்துல இருந்து எப்ப வந்தாவ?”

“சண்டை சமயத்துல.”

“நீ அப்ப?”

“கைக்குழந்தை.”

“ஓ” என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஏதோ யோசனையில் எங்கள் ஊருக்குத் திரும்புகிற வழியை விட்டுவிட்டுப் பத்து மைல் தள்ளிப் போய்த் திரும்பி வந்தோம். அவருக்கு அன்று ரொம்ப அசதி.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அவர் தூங்கின பிறகு போனில் தேடிப் பார்த்தேன். அதுதான் தப்பு. ஒருவர் எழுதியிருந்தார், தகுந்த ஆதாரம் காட்டித் திருத்திக்கொள்ளலாம், பயமில்லை என்று. அதற்குக் கீழேயே இன்னொருவர், இத்தனை வருஷம் தப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் மோசடி, வாழ்நாளுக்கும் உள்ளே விட மாட்டார்கள் என்று. யாரை நம்புவது? ஒவ்வொரு படிவத்திலும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது சிஸ்டர், நான் எழுதினதெல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உடன்படுகிறேன் என்று. அதற்குக் கீழே என் கையெழுத்து. துருவனை யார் வைத்துக்கொள்வார்கள் என்று யோசித்தேன். அவன் அமெரிக்க பாஸ்போர்ட்டோடு இங்கே, நாங்கள் அங்கே. அன்றைக்கு ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டேனா என்று நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.

நாளைக்குச் சொல்லலாம். அடுத்த மாதம் தேதி நகர்ந்தாலும் நகரும், பார்த்துவிட்டுச் சொல்லலாம். அப்புறம் ஒரு வருஷமாகிவிட்டது. ஒரு வருஷம் கழித்து எப்படிச் சொல்வது? முதல் நாள் சொன்னால் அது செய்தி. வருஷம் கழித்துச் சொன்னால் குற்றம். அவர் பல் தேய்த்துக்கொண்டே “நகரல” என்று சொன்ன ஒவ்வொரு மாதமும் அதில் சேர்ந்துகொள்ளும் இல்லையா?

அவரானால் எதையும் கவனிக்கிற ஆளில்லை. அது ஒரு விதத்தில் நிம்மதி. போன வருஷம் விசா நீட்டிப்புக்குப் படிவம் நிரப்பும்போது பாருங்கள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, “பிறந்த ஊரு, நாகர்கோவில்னே போடட்டுமா?” என்றார்.

“போடுங்க.”

“சரியாத்தான இருக்கு?”

“ஆமா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“அதான் சொன்னேம்லா.”

அந்தக் கட்டத்தில் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தது. நெட் மெதுவாக இருந்திருக்கும். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தட்டினார்.

என் மாமியார் கோமதி அத்தை இருக்கிறார்களே, அவர்கள்தான் ஒரு தடவை என்னைக் கொன்றே போட்டிருப்பார்கள். எங்களுக்குக் கார்டு எப்போது வரும் என்று கேட்க, இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு சோசியரிடம் போயிருக்கிறார்கள். அன்றைக்கே வீடியோ கால். காலை நேரம், துருவனுக்குப் பள்ளிக்கூட வேன் வரப்போகிறது.

“ஏலே சங்கரா, சோசியரு என்ன சொல்லுதாரு தெரியுமா? ஒன் கட்டத்துல ஒண்ணுமே இல்லியாம்லே. நீ நின்ன எடத்துலயே நிப்பியாம். எல்லாம் ஒம் பொண்டாட்டி கட்டத்துலதான் இருக்காம்.”

“சரிம்மா.”

“என்னல சரிம்மா? கடலு தாண்டிப் பொறந்தவளாலதான் கடலு தாண்டி நெலைக்கணும்னு இருக்காம். கேட்டியா தமயந்தி? நீ குவைத்துல பொறந்ததுக்கு அவரு தனியா கணக்குப் போட்டாரு. ரெண்டரை மணி நேரம் முன்னப்பின்ன வரும்லா? அதுக்குத் தனி தட்சிணை வாங்கிட்டாரு, பாத்துக்கோ.”

எனக்குக் கையிலிருந்த தோசைக்கரண்டி நழுவிவிட்டது. நல்லவேளை, அவர் கீழே உட்கார்ந்து துருவனுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை. விழுந்திருந்தால் தலையைத் தூக்கியிருப்பாரே? தூக்கவில்லை. ஒரே ஷூவை மூன்று தடவை கட்டினார், அவிழ்த்தார், கட்டினார். “அப்பா, வேன்!” என்று துருவன் கத்தின பிறகுதான் விட்டார்.

அன்று சாயங்காலம் அவராகவே, “ஒனக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லு தமா” என்றார். நான் பையனுக்குக் குளிர்க்கோட்டு சின்னதாகிவிட்டதைச் சொன்னேன். “சரி, வாங்கிருவோம்” என்றார். எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார், அந்த விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவள்.

அதே வாரம்தான் நான் சாம்பார் பொடிக்கு மிளகாய் வறுத்தேன். இங்கே வீட்டுக் கூரையில் புகைக்கு அலறுகிற மணி ஒன்று வைத்திருப்பார்கள், வட்டமாக, இட்லித் தட்டு மாதிரி. நம் சமையலுக்கு அது அலறாத நாளில்லை. அன்றைக்கு ஊரே கேட்கிற மாதிரி அலறி, மேல் வீட்டு நாய் குரைத்து, துருவன் அழுது, அவர் நாற்காலியில் ஏறி அதைப் பிடுங்கிவிட்டார். “எங்க வைக்கட்டும்?” என்று நான் கையை நீட்டினேன். “நான் வச்சுக்கிடுதேன்” என்று கொண்டுபோனார். எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. வேலையிலிருந்து அனுப்புவதெல்லாம் வெள்ளிக்கிழமைதான். அவர் குழுவில் பதினொரு பேர் இருந்தார்கள், இப்போது ஆறு. நேற்றுப் பக்கத்து மேசை டேவிட்ராஜ் போய்விட்டார். இரண்டு பெண் குழந்தைகள். வேலை போனால் அறுபது நாள் சிஸ்டர். அதற்குள் வேறு வேலை, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு விமானம். ஆனால் முறை வந்து கடைசி விண்ணப்பம் உள்ளே போய் ஆறு மாதமாகிவிட்டதென்றால் அந்தப் பயம் இல்லை, வேறு கம்பெனிக்குப் போய்க்கொள்ளலாம். இந்தியா வரிசையில் அந்த விண்ணப்பத்தைப் போடவே விட மாட்டார்கள். குவைத் வரிசையில் நாளைக்கே போடலாம். இது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் சாப்பிடும்போது சொன்னார், “டேவிட் பையத் தூக்கிட்டு லிஃப்ட் வர நிக்கான். லிஃப்ட் வரமாட்டேங்கு. எல்லாரும் ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டு இருக்கோம். ஒருத்தன் எந்திரிக்கல, நானும் எந்திரிக்கல.” அப்புறம், “ரசம் இருக்கா?” என்றார்.

இப்போதெல்லாம் அவர் ஆபீசிலிருந்து வந்தால் உடனே மேலே வருவதில்லை. காரை நிறுத்தி, விளக்கை அணைத்து, அரைமணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். போன் பார்க்க மாட்டார், பாட்டு கேட்க மாட்டார். சும்மா இருப்பார். நான் சோற்றைச் சூடு பண்ணி வைத்துவிட்டு, ஆறி, மறுபடி சூடு பண்ணுவேன்.

இன்று சனிக்கிழமைதான், ஆனாலும் ஆபீசுக்குப் போனார். இருக்கிறவர்கள் கூடுதலாக உழைத்துக் காட்ட வேண்டுமே. இருட்டிவிட்டது. துருவன் தூங்கினான். குழாயை மூடினேன். ‘கிய்ச்.’ எனக்குத் தாங்கவில்லை. நாற்பது எண்ணிக்கொண்டே ஒவ்வொரு இடமாகப் போய் நின்றேன். அடுக்களை இல்லை. குளியலறை இல்லை. துணி அலமாரிப் பக்கம் போனால் பெரிதாகக் கேட்டது. அலமாரியின் அடியில் எங்கள் பழுப்புப் பெட்டி, கல்யாணப் பட்டும் சான்றிதழ்களும் இருக்கிற பெட்டி. அதற்குள்ளிருந்து.

பெட்டியைத் திறந்தேன். பட்டுப்புடவைக்கு அடியில், உள் துணியில் ஒரு ஜிப் இருக்கிறது. அதற்குள்தான் அம்மாவின் பாஸ்போர்ட்டை, துருவன் பிறந்தபோது போட்ட தொப்பிக்குள் சுருட்டி வைத்திருந்தேன். மூன்று வருஷமாக நான் அதைத் தொட்டதில்லை. ஜிப்பை இழுத்தால், தொப்பியின் மேலே அந்தப் புகை மணி. பேட்டரி தீர்ந்துபோனால் இப்படித்தான் கத்துமாம். அன்றைக்கு அவசரத்தில் கைக்கு வந்த இடத்தில் திணித்திருக்கிறார். ஆண்பிள்ளைகள் எதை எங்கே வைக்கிறோம் என்று பார்த்தா வைக்கிறார்கள்?

பேட்டரியைக் கழற்றினேன். சத்தம் நின்றது. நின்ற பிறகு வீடு இன்னும் சத்தமில்லாமல் போய்விட்டது. நாற்பது எண்ணினேன், வரவில்லை. இன்னொரு நாற்பது எண்ணினேன்.

அப்போது உங்களை நினைத்தேன். ஏழாம் வகுப்பில் மாதா சொரூபத்தின் முன்னால் இருந்த நீலக் கண்ணாடி விளக்கு உடைந்ததே. உடைத்தவள் தானாக எழுந்து சொல்கிற வரைக்கும் எல்லாரும் நில்லுங்கள் என்றீர்கள். நாற்பத்திரண்டு பேரும் இரண்டு பீரியட் நின்றோம். எலிசா மயங்கி விழுந்தாள். மணி அடித்ததும் விட்டுவிட்டீர்கள். “தமயந்தி, நீ மட்டும் இரு” என்று நிறுத்தி, “உனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா?” என்று கேட்டீர்கள். எலிசாவைச் சிக்ரூமில் கொண்டு விடட்டுமா என்று கேட்டேன். விளக்கை உடைத்தது நான்தான் சிஸ்டர். உங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. இப்போது சொல்கிறேன்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். கார் வந்து நின்றிருந்தது, விளக்கு அணைந்திருந்தது. பாஸ்போர்ட் என் கையிலேயே இருந்தது. அதைத் திரும்பப் பெட்டியில் வைக்கத்தான் எழுந்தேன். அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பயம் போய்விடவில்லை. பயப்படுவதற்குத் தெம்பு போய்விட்டது, அவ்வளவுதான்.

மீதியை இன்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எழுதுகிறேன்.

நேற்று அவர் மேலே வந்தார். ஷூவைக் கழற்றினார். துருவனை எட்டிப் பார்த்துப் போர்வையை இழுத்து விட்டார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். எடுக்கவில்லை, திறக்கவில்லை. நான் ரசத்தை ஊற்றப் போனபோது இடது கையால் அதை மேசையின் அந்த ஓரத்துக்குத் தள்ளினார்.

“பாத்து. மையில எழுதினது, ஒரு சொட்டு பட்டாலும் அழிஞ்சிரும்.”

சாப்பிட்டார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். மோர் ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார்.

“அந்தச் சத்தம் நின்னுட்டா?” என்றார்.

“நின்னுட்டு.”

“நல்லது.” ஒரு கவளம் சாப்பிட்டார். “திங்கக்கிழமை வக்கீல்ட்ட பேசுதேன். என்ன நடந்துதோ, உள்ளது உள்ளபடி சொல்லுவோம்.”

“உள்ள விடாமப் பண்ணிட்டா?”

“சேந்து போவோம்.”

“துருவன்?”

“அவன் பெரிய அமெரிக்காக்காரன். சங்கரன்கோவில்ல வந்து ஆடித் தபசு பாக்கட்டும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

“இது என்னதுன்னு என்ட்ட கேக்கவே மாட்டியளா?” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. அசதிதான்.

“மூணு வருசமா கேட்டுக்கிட்டேதான இருக்கேன், தமா.”

சிஸ்டர், அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் இத்தனை பக்கம் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா? மனுஷர் அசதியில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

வக்கீல் கேட்டால் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வேண்டியிருக்கும். 1994-ல் அட்மிஷன் ரெஜிஸ்டரில் அப்படி எழுதினது ஏன் என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். கை நடுங்கினால் யாரையாவது எழுதச் சொல்லிக் கையெழுத்து மட்டும் போடுங்கள். மாதா ஒன்றும் நினைக்க மாட்டாள் என்று நீங்கள் சொன்னதையும் எழுத வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன்.

நேற்று அவர் தட்டைக் கழுவி வைத்தார். புகை மணிக்குப் புது பேட்டரி போட்டு, நாற்காலியில் ஏறி, பழைய இடத்திலேயே மாட்டினார். அதன் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. நான் கதவுப் பக்கம் போகப் புறப்பட்டேன், வழக்கம்போல.

“நீ படு” என்றார்.

படுத்தேன். தரை மெத்தையிலிருந்து பார்த்தால் வாசல் கதவின் கீழ்ப்பாதிதான் தெரியும். அவருடைய கால் இரண்டும் அங்கே கொஞ்ச நேரம் நின்றன. அப்புறம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சங்கிலி.

இப்படிக்கு,
உங்கள் மாணவி,
ஆ. தமயந்தி